ஊசி எடுத்த பிறகு பத்து நிமிடம்: கோத்தகிரிப் பக்கத்து நிகழ்வு ஆய்வு

ஜனவரி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை. காலை 11 மணி இருக்கும். கீழ் லைன் வீட்டு மருமகள் மூச்சு வாங்க ஏறி வந்தாள். "அக்கா, அத்தைக்குக் கை கறுத்துப் போச்சு. காலையில ரத்தம் எடுத்த தம்பி என்ன பண்ணிட்டுப் போனானோ, வந்து பாருங்க."

நான் 26 வருடம் ஆய்வகத்தில் ரத்தம் எடுத்தவள். ஓய்வு பெற்று, கோத்தகிரி–ஊட்டி சாலையில் கட்டபெட்டுக்குச் சற்று மேலே குடியிருக்கிறேன். இங்கே எல்லோருக்கும் நான் நர்சம்மா. லேப் டெக்னீஷியன் என்று திருத்தித் திருத்தி அலுத்துப்போய் விட்டுவிட்டேன். அன்று நான் பார்த்ததையும், பிறகு அந்த வீட்டாரிடமும் ரத்தம் எடுத்த தம்பியிடமும் கேட்டுத் தெரிந்துகொண்டதையும் அவர்கள் சம்மதத்துடன் எழுதுகிறேன். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

யார், என்ன நோய்

பெரியம்மாவுக்கு 68 வயது. 1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்து இந்த மலையில் குடியேறிய குடும்பங்களில் ஒன்று அவருடையது. முப்பது வருடம் தேயிலை பறித்த கை. சிறுவயதில் வந்த வாதக் காய்ச்சலால் இதய வால்வு சுருங்கி, இதயத்துடிப்பும் சீர் தவறிவிட்டது. அந்த நிலையில் இதயத்துக்குள் ரத்தம் தேங்கிக் கட்டியாகும். கட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம். அதைத் தடுக்க ஆறு வருடமாக ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரை, அசிட்ரோம், தினமும் சாயங்காலம் ஒன்று. நீர் பிரிய ஒரு மாத்திரை காலையில். கொஞ்சம் சர்க்கரையும் உண்டு.

அசிட்ரோம் சாப்பிடுகிறவர்களுக்கு மாதத்துக்கு ஒருமுறையாவது பி.டி.–ஐ.என்.ஆர்., அதாவது ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் சோதனை, பார்க்க வேண்டும். மாத்திரை சாப்பிடாதவருக்கு இந்த எண் 1 அளவில் இருக்கும். பெரியம்மாவைப் போன்றவர்களுக்கு 2-லிருந்து 3-க்குள் நிற்க வேண்டும். அதற்குக் கீழே போனால் கட்டி பயம், மேலே போனால் ரத்தப்போக்கு பயம். இரண்டுக்கும் நடுவில் கயிற்றில் நடக்கிற வேலை அது.

முன்பெல்லாம் பஸ் பிடித்துக் கோத்தகிரிக்குப் போய் எடுத்துவிட்டு வருவார். முட்டிவலி வந்த பிறகு மகன் வீட்டுக்கே ஆளை வரச் சொல்லிவிட்டான். நல்ல ஏற்பாடுதான், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

அன்று காலை நடந்தது

6:40-க்கு அந்தத் தம்பி பைக்கில் வந்திருக்கிறான். பள்ளத்தில் உறைபனி விழுந்து புல்லெல்லாம் வெள்ளையாகக் கிடந்த நேரம். பெரியம்மா முந்தின இரவு 7:30-க்குச் சாப்பிட்டவர், அதன் பிறகு தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. "வெறும் வயிறுன்னாங்களே" என்றார் என்னிடம். சர்க்கரைக்கும் கொழுப்புக்கும்தான் வெறும் வயிறு கேட்கிறார்கள், ஐ.என்.ஆருக்கு அது தேவையே இல்லை. வெறும் வயிறு என்றாலும் வெறும் தண்ணீர் தாராளமாகக் குடிக்கலாம். இதைச் சொல்லாமல் விடுவதால் எத்தனை கிழவிகள் நாக்கு வறண்டு வந்து என் முன்னால் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதற்குக் கணக்கே இல்லை.

தண்ணீர் இல்லாத உடம்பு, போதாததற்குக் குளிர். குளிரில் தோலுக்கடியில் இருக்கும் சிரைகள், அதாவது நாங்கள் ரத்தம் எடுக்கும் ரத்தக்குழாய்கள், சுருங்கிவிடும். இடது கையில் ஒருமுறை குத்தியும் ரத்தம் வரவில்லை. வலது கைக்கு மாறியிருக்கிறான். இரண்டு ஸ்வெட்டர் போட்டிருந்த பெரியம்மா, கையைக் கழற்றாமல் சட்டைக்கையோடு சேர்த்து முழங்கைக்கு மேலே சுருட்டிவிட்டிருக்கிறார். ரப்பர் பட்டை கட்டி, "கையை மூடித் திறங்க பாட்டி, இன்னும் வேகமா" என்று சொல்லி, ஒருவழியாக முழங்கை உள்மடிப்பில் சிரை கிடைத்து நாலு குழாயும் நிரம்பிவிட்டது. எல்லாம் சேர்த்து 11 மில்லி தேறும், இரண்டு டீஸ்பூனுக்குச் சற்று மேல். (உடம்பில் ஓடுவது நாலரை, ஐந்து லிட்டர். "குழாய் குழாயா உறிஞ்சிட்டான்" என்று மருமகள் சொன்னபோது இதைத்தான் சொல்லிச் சமாதானப்படுத்தினேன்.)

ஊசியை எடுத்ததும் பஞ்சை வைத்து, "கையை மடக்கி வெச்சுக்குங்க பாட்டி" என்று சொல்லிவிட்டு, குழாய்களில் பெயர் ஒட்டி, ஊசியை வெள்ளை டப்பாவில் போட்டு மூடி எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டான். அதற்குள் மணி 6:55. அடுத்த வீடு மலைக்கு அந்தப் பக்கம்.

ஏழு மணிக்குக் குழாயில் தண்ணீர் வரும், முக்கால் மணி நேரத்தில் நின்றுவிடும். மருமகள் பிள்ளைகளைப் பள்ளிக்குக் கிளப்பிக்கொண்டிருந்தாள். பெரியம்மா ஒரு நிமிடம்போல மடக்கி வைத்திருந்துவிட்டு, பஞ்சை அடுப்பில் போட்டு, ஸ்வெட்டர் கையை இறக்கிவிட்டு எழுந்தார். வாசற்படி இறங்கும்போது கண் இருட்டிக்கொண்டு வந்தது, சுவரைப் பிடித்து அங்கேயே உட்கார்ந்துவிட்டார். மருமகள் ஓடிவந்து சர்க்கரைத் தண்ணீர் கொடுத்தாள். தெளிந்ததும் பெரியம்மா என்ன செய்தார் தெரியுமா? குழாயடிக்குப் போய், தண்ணீர் நிறைந்த வாளியை வலது கையில் தூக்கிக்கொண்டு பன்னிரண்டு படி ஏறினார். இரண்டு நடை.

எட்டரைக்குக் கையில் கடுகடு என்று வலி. ஸ்வெட்டரை விலக்கிப் பார்க்காமலே, ஊசி குத்திய வலிதானே என்று கையை உள்ளே விட்டு நீலகிரித் தைலம் தேய்த்து நீவிக்கொண்டார். பிறகு துணியைத் தணலில் காட்டி ஒத்தடம். பத்தரைக்கு வலி தாங்காமல் ஸ்வெட்டரைக் கழற்றியபோதுதான் வீடே கையைப் பார்த்தது.

நான் பார்த்தபோது

வலது முழங்கை மடிப்பில் எலுமிச்சம்பழம் அளவுக்கு வீக்கம். அதைச் சுற்றி முன்கையின் பாதிவரை கத்தரிப்பூ நிறம். தைல வாசனை அறை முழுக்க.

முதலில் விரல்களைப் பார்த்தேன், வீக்கத்தைப் பார்ப்பது அப்புறம்தான். முழங்கை மடிப்பில் சிரையை ஒட்டியே கைக்குப் போகும் நாடியும் நரம்பும் இருக்கின்றன. உள்ளே தேங்கிய ரத்தம் அவற்றை நெருக்கினால்தான் உண்மையான ஆபத்து. நகத்தை அழுத்தி விட்டேன், வெளுத்த நகம் இரண்டு நொடிக்குள் சிவந்தது. மணிக்கட்டில் நாடி கிடைத்தது. கண்ணை மூடச் சொல்லி ஒவ்வொரு விரலாகத் தொட்டுக் கேட்டேன், எல்லாவற்றையும் சரியாகச் சொன்னார். விரல்களை நான் மெதுவாக நிமிர்த்தியபோது வலி அதிகமாகவில்லை. அப்பாடா என்றிருந்தது. விரல் மரத்திருந்தாலோ, சில்லென்று வெளுத்திருந்தாலோ, விரலை நிமிர்த்தும்போது உயிர் போகிற மாதிரி வலித்திருந்தாலோ, நான் வேறெதுவும் செய்யாமல் 108-ஐக் கூப்பிட்டிருப்பேன்.

இங்கே ஒரு சொல் குழப்பத்தைச் சொல்லியாக வேண்டும். நம் ஊரில் ரத்தம் எடுக்கும் சிரையையும் "நரம்பு" என்கிறோம். "நரம்பே கிடைக்கலை", "நரம்புல குத்திட்டான்". நிஜ நரம்பு வேறு. அதில் ஊசி பட்டால் தோளிலிருந்தோ முழங்கையிலிருந்தோ விரல் நுனிவரை மின்சாரம் பாய்ந்த மாதிரி சுரீர் என்று இழுக்கும். அப்படி இருந்தால் வெட்கப்படாமல் அந்த நொடியே சொல்ல வேண்டும், ஊசியை உடனே எடுத்துவிட வேண்டும். பெரியம்மாவுக்கு அப்படி எதுவும் இல்லை என்பதை மூன்று விதமாகக் கேட்டு உறுதி செய்துகொண்டேன்.

கையை நீட்டித் தலையணைமேல் வைத்து, குத்திய இடத்துக்கு ஒரு விரற்கடை மேலே மூன்று விரலால் அழுத்தினேன். கடிகாரத்தைப் பார்த்துப் பத்து நிமிடம். நாலு மணி நேரம் கழித்து அழுத்தி என்ன பயன் என்று கேட்கலாம். அசிட்ரோம் சாப்பிடுகிறவருக்கு உள்ளே இன்னும் கசிந்துகொண்டிருக்கலாம், அதனால்தான். பிறகு அந்த வீட்டுப் பால் கணக்கு எழுதுகிற பால்பாயின்ட் பேனாவை வாங்கி, கறுப்பின் ஓரத்தைச் சுற்றிக் கோடு போட்டு, பக்கத்தில் "11:25" என்று எழுதினேன். தையல் டேப்பால் அளந்தால் முழங்கைக்கு நாலு விரல் கீழே வலது கை 24 செ.மீ., இடது கை இருபத்தொன்றரை. ஐஸ் இல்லை, அந்த வீட்டில் ஃபிரிட்ஜே இல்லை. ஜனவரியில் எங்கள் ஊர்க் குழாய்த் தண்ணீரே ஐஸ்தான். துணியை நனைத்துப் பிழிந்து பத்து நிமிடம் வைப்பது, இருபது நிமிடம் எடுப்பது.

அப்புறம் மாத்திரைப் பையைக் கொட்டிப் பார்த்தேன். வழக்கமான அட்டைகளுக்கு நடுவில் காலியான ஒரு மெட்ரோனிடசோல் (கிருமிக்கொல்லி மாத்திரை) அட்டை. பல்வலிக்கு ஒரு வாரம், தினம் மூன்று வேளை. ஞாயிற்றுக்கிழமைதான் முடிந்திருந்தது. பல் வைத்தியரிடம் அசிட்ரோம் பற்றிச் சொன்னீர்களா என்றேன். "பல்லுக்குப் போனா பல்லைப் பத்தித்தானே பிள்ள சொல்லணும்" என்றார் பெரியம்மா.

மெட்ரோனிடசோல், அசிட்ரோமை ஈரல் கரைத்து வெளியேற்றுவதைத் தடுக்கும். மாத்திரை அளவு மாறாமலே அதன் வேகம் கூடிவிடும். அந்த ஒரு அட்டையைப் பார்த்ததும் ஐ.என்.ஆர். எங்கே நிற்கும் என்று ஓரளவு ஊகித்துவிட்டேன். ஆய்வகத்துக்குப் போன் செய்து கேட்டால் 5.2 என்றார்கள்.

5.2 உண்மைதானா?

பழைய தொழில் புத்தி, எண்ணைக் கேட்டதும் முதலில் குழாயைத்தான் சந்தேகப்படும். ஐ.என்.ஆருக்கான நீல மூடிக் குழாயில் ரத்தத்தை உறையவிடாத சிட்ரேட் மருந்து அளந்து ஊற்றியிருக்கும், ஒன்பது பங்கு ரத்தத்துக்கு ஒரு பங்கு. சிரை கிடைக்காமல் தடுமாறி அந்தக் குழாய் கோடுவரை நிரம்பாமல் போனால் மருந்து மிகுந்துவிடும், ஐ.என்.ஆர். பொய்யாக ஏறிக் காட்டும். இன்னொன்று, எல்லாக் குழாயையும் போல அதையும் ஐஸ் பெட்டியில் வைப்பது. குளிர்ந்தால் உறைய வைக்கும் பொருள்களில் ஒன்று தானாகவே முடுக்கிவிடப்பட்டுக் கணக்கு மாறும். அதைச் சாதாரண அறை வெப்பத்தில்தான் கொண்டுபோக வேண்டும்.

ஆகவே பிற்பகல் 1 மணிக்கு ஜீப் பிடித்து அரசு மருத்துவமனைக்குப் போனதும், மருத்துவரிடம் கேட்டு மறுபடி எடுக்கச் சொன்னேன். இடது புறங்கையில், மெல்லிய ஊசியால், கோடு தொடும்வரை நிரப்பி எடுத்தார்கள். 4.9 வந்தது. ஆக, ஏற்றம் நிஜம்.

மருத்துவர் இரண்டு நாள் அசிட்ரோமை நிறுத்தி வைத்து, இரவு அங்கேயே படுக்க வைத்துக் கவனித்தார். ஹீமோகுளோபின் அன்று 10.8, மறுநாள் 10.6. உள்ளே பெரிதாக ரத்தம் போகவில்லை என்று அர்த்தம். பேனாக் கோட்டைத் தாண்டி வீக்கம் போகவில்லை. வியாழக்கிழமை ஐ.என்.ஆர். 3.1, அதன் பிறகு அவர் சொன்ன அளவில் மாத்திரையைத் திரும்பத் தொடங்கினார்கள். நிறுத்துவதையும் தொடங்குவதையும் மருத்துவர்தான் சொல்ல வேண்டும். கை கறுத்துவிட்டதே என்று வீட்டாரே மாத்திரையை நிறுத்தி, பத்து நாள் கழித்து வாய் கோணி வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

ரிப்போர்ட்டில் இன்னொரு எண்ணும் வீட்டாரைப் பயமுறுத்தியது. பொட்டாசியம் 6.1. பெரும்பாலான நீர் மாத்திரைகளில் பொட்டாசியம் குறையத்தான் பார்க்கும். மருத்துவமனையில் எடுத்தபோது 4.3. காலையில் பட்டையைக் கட்டி வைத்துக் கையை மூடி மூடித் திறக்கச் சொன்னானே, அதில் தசையிலிருந்து பொட்டாசியம் கசிந்து ரத்தத்தில் சேரும். அணுக்களைப் பிரிக்காத ரத்தம் குளிரில் நெடுநேரம் இருந்தாலும், மேட்டுப்பாளையம் வளைவுகளில் குலுங்கிக் கோவை போய்ச் சேருவதற்குள் அணுக்கள் உடைந்தாலும் இதே கதைதான். எப்படி இருந்தாலும் வீட்டிலிருந்து எடுத்த ரத்தத்தில் பொட்டாசியம் மட்டும் தனியாக ஏறியிருந்தால், அதை அலட்சியப்படுத்தாமல் அன்றே மறுபடி பார்க்க வேண்டும். நிஜமாக ஏறியிருந்தால் அது இதயத்துக்கு ஆபத்து.

கையை யார் கறுக்க வைத்தது?

மகன் ராத்திரி போனில் கத்திய கத்தில் அந்தத் தம்பி மறுநாள் என் வீட்டுக்கே வந்துவிட்டான். 23 வயது. முகம் வெளிறிப்போயிருந்தது. எட்டரைக்குள் ஒன்பது வீடு, எல்லாம் வெறும் வயிற்று ரத்தம். "நான் சரியாத்தான்கா எடுத்தேன். ஒரே குத்துல கிடைச்சுது வலது கையில."

அவன் சொன்னது பொய்யில்லை. குத்தியதில் எனக்குக் குறை தெரியவில்லை. புதுக் கையுறை, புது ஊசி, ஸ்பிரிட் தடவிக் காய விட்டிருக்கிறான், ஊசியைத் திரும்ப மூடாமல் டப்பாவில் போட்டிருக்கிறான். கறுத்தது ஊசியால் அல்ல, ஊசியை எடுத்த பிறகான பத்து நிமிடத்தால். அதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன்.

ஊசி தோலில் நுழைந்து சற்று மேல்நோக்கிச் சாய்ந்து சிரைக்குள் போகிறது. அதனால் தோலில் ஒரு ஓட்டை, சிரையில் ஒரு ஓட்டை, இரண்டும் நேருக்கு நேர் இல்லை. சிரையின் ஓட்டை தோள் பக்கமாகக் கொஞ்சம் மேலே இருக்கும். தோல் ஓட்டை சீக்கிரம் மூடிக்கொள்ளும், வெளியே சொட்டு ரத்தம் இருக்காது. உள்ளே கசிவது யாருக்கும் தெரியாது. கையை மடக்கினால் பஞ்சு ஏதோ இறுக்கமாக இருப்பதுபோல ஒரு தோற்றம், ஆனால் அழுத்தம் ஓட்டையின் மேல் விழுவதில்லை. நிமிர்த்தும்போது மூடத் தொடங்கிய வாய் மறுபடி திறந்துகொள்ளும். நீட்டிய கையில், பஞ்சின்மேல், கொஞ்சம் மேலே சேர்த்து விரல்களால் அழுத்துவதுதான் முறை. மற்றவர்களுக்கு இரண்டு மூன்று நிமிடம் போதும். அசிட்ரோம், வார்ஃபரின், குளோபிடோக்ரெல், ஆஸ்பிரின் சாப்பிடுகிறவர்களுக்கு ஐந்திலிருந்து பத்து நிமிடம். பஞ்சை எடுத்துப் பார்த்து, வீக்கம் எழும்பவில்லை என்று கண்ணால் கண்ட பிறகுதான் பிளாஸ்திரி. தேய்க்கக் கூடாது.

இதை அந்தத் தம்பிக்குச் சொன்னபோது, "எங்களுக்கு மடக்கத்தான்கா சொல்லித் தந்தாங்க" என்றான். எனக்கும் அப்படித்தான் சொல்லித் தந்தார்கள். முதல் ஏழெட்டு வருடம் நானும் எல்லோரையும் மடக்கச் சொன்னவள்தான். அவனைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை.

ஆய்வகத்தில் இந்தத் தவறு பெரிதாகத் தெரியாததற்குக் காரணம் உண்டு. அங்கே எடுத்து முடித்ததும் பெஞ்சில் போய் உட்காருவோம். ரசீது, சில்லறை, அடுத்தவரின் பேச்சு என்று பத்து நிமிடம் தானாகப் போய்விடும். கை சும்மா இருக்கும். வீட்டில் அந்தப் பெஞ்ச் இல்லை. ஆள் வாசலைத் தாண்டியதுமே வீட்டு வேலை கூப்பிட்டுவிடும். அதுவும் மலையில் காலை ஏழு மணி என்பது தண்ணீர், அடுப்பு, பள்ளிக்கூடம், இலை பறிக்கக் கிளம்புவது எல்லாம் ஒன்றாக வந்து நிற்கிற நேரம்.

அடுத்தது ஸ்வெட்டர். சமவெளியில் இருப்பவர்களுக்கு இது தோன்றவே தோன்றாது. இரண்டு ஸ்வெட்டரைச் சுருட்டி முழங்கைக்கு மேலே ஏற்றினால் அதுவே ஒரு பட்டை. ரப்பர் பட்டையை அவிழ்த்த பிறகும் கம்பளிப் பட்டை அவிழவில்லை. மேலே போக வேண்டிய ரத்தம் தடைப்பட்டு, ஓட்டை விழுந்த சிரையில் அழுத்தம் கூடியே இருந்தது. ஊசி எடுக்கும் முன்பே அதைத் தளர்த்தியிருக்க வேண்டும். அதைவிட, ஒரு கையை முழுசாகக் கழற்றி, போர்வையைத் தோளில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம். பிறகு அதே ஸ்வெட்டர் கீழே இறங்கிக் கையை மூன்றரை மணி நேரம் மறைத்துவிட்டது. வேட்டி சட்டையோடு திரிகிற ஊரில் இந்த வீக்கத்தைப் பேரப்பிள்ளை ஏழரைக்கே பார்த்துச் சொல்லியிருப்பான்.

வாளி தூக்கியது, நீவியது, சூடு காட்டியது எல்லாம் திறந்த வாயை இன்னும் திறந்துவிட்ட காரியங்கள். தைலத்தின் மேல் எனக்குப் பகை இல்லை. சளிக்கும் முட்டிவலிக்கும் நானும் தேய்க்கிறேன். புது ரத்தக்கட்டின் மேல் எதை வைத்தும் நீவக் கூடாது, முதல் இரண்டு நாள் சூடு கூடாது, அவ்வளவுதான். வலிக்கு டைக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென் வாங்கிப் போடாதது பெரியம்மாவின் அதிர்ஷ்டம். கடைக்குப் போன பேரன் சில்லறை இல்லாமல் திரும்பியிருந்தான்! அசிட்ரோமோடு அவை சேர்ந்தால் வயிற்றிலேயே ரத்தம் கசியலாம். பாராசிட்டமால் ஒன்றிரண்டு போதும், அதையும் நாள்கணக்கில் தொடர்ந்தால் ஐ.என்.ஆர். ஏறும்.

கண் இருட்டியது தனிக் கதை. பதினோரு மணி நேரம் தண்ணீரில்லை, ரத்தம் எடுத்த பதற்றம், சட்டென்று எழுந்தது. அப்போது செய்ய வேண்டியது படுக்க வைத்துக் காலைச் சற்று உயர்த்துவது. மயக்கத்தில் இருப்பவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, நன்றாகத் தெளிந்த பிறகு இனிப்பு போட்ட டீ. அசிட்ரோம் சாப்பிடுகிறவர் மயங்கி விழுந்து தலை இடித்திருந்தால், வெளியே காயம் இல்லாவிட்டாலும் நேரே மருத்துவமனை. பெரியம்மா படியில் உட்கார்ந்ததோடு தப்பினார்.

எல்லாவற்றுக்கும் முன்னால், யாரும் கேட்காத ஒரு கேள்வி இருக்கிறது. "பாட்டி, ரத்தம் உறையாத மாத்திரை சாப்பிடுறீங்களா? புதுசா வேற ஏதாவது சாப்பிட்டீங்களா?" சீட்டில் பி.டி.–ஐ.என்.ஆர். என்று எழுதியிருக்கும்போதே தம்பிக்கு அது உறைத்திருக்க வேண்டும். அதை அவனும் ஒத்துக்கொண்டான்.

கை தேறிய விதம்

மூன்றாம் நாள் மறுபடி ஒரு கலவரம். வீக்கம் பாதியாக வற்றியிருந்தது, கறுப்பு மட்டும் மணிக்கட்டுவரை இறங்கியிருந்தது. "பரவுதுக்கா!" என்றாள் மருமகள். பரவவில்லை. கையைத் தொங்கவிட்டபோது தேங்கிய ரத்தம் தோலுக்கடியில் கீழே வழிந்திருக்கிறது. தொட்டால் கெட்டியாக, நாளுக்கு நாள் பெரிதாகி, சுடச்சுட இருந்தால்தான் கவலை. குத்திய இடம் சிவந்து, சீழ் வைத்து, கோடுபோல மேலே ஏறி, காய்ச்சலும் வந்தால் அது கிருமித் தொற்று. இரண்டும் இங்கே இல்லை.

ஆறாம் நாள் ஓரங்களில் பச்சை, பத்தாம் நாள் பழுத்த இலை மஞ்சள். சிதைந்த ரத்தத்தின் சிவப்பை உடம்பு உடைத்து முதலில் பச்சை நிறமியாகவும் பிறகு மஞ்சள் நிறமியாகவும் மாற்றும். பேரன் தினமும் பள்ளி விட்டு வந்து, "ஆயா, இன்னைக்கு என்ன கலர்?" என்று கையைத் திருப்பிப் பார்ப்பான். ஐ.என்.ஆர். இறங்கிய பிறகு வெதுவெதுப்பான ஒத்தடம் கொடுக்கச் சொன்னேன். விரல்களை மெதுவாக மூடித் திறப்பது, இரவில் கையைத் தலையணைமேல் வைப்பது. வாளி பத்து நாளுக்குத் தடை. பதினாறாம் நாள் கை பழைய கையாகிவிட்டது.

நடுவில் மருமகள் கீரையையும் முட்டைக்கோஸையும் அடியோடு நிறுத்தியிருந்தாள், யாரோ ரத்த மாத்திரைக்கு ஆகாது என்றார்களாம். நிறுத்துவதும் தப்பு, திடீரென்று அள்ளிப் போடுவதும் தப்பு. வாரத்துக்கு வாரம் ஏறக்குறைய ஒரே அளவாகச் சாப்பிட்டால் மருத்துவர் மாத்திரையை அதற்கேற்ப வைத்துக்கொள்வார்.

பிப்ரவரி மாதம்

அடுத்த முறைக்கு நேரத்தை ஒன்பதரைக்கு மாற்றச் சொன்னேன். ஐ.என்.ஆர். மட்டும்தான், அதனால் இட்லி சாப்பிட்டு, இரண்டு டம்ளர் வெந்நீர் குடித்து, வாசல் வெயிலில் கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தார் பெரியம்மா. அசிட்ரோம் பெயரும் அளவும் எழுதிய அட்டையை மகன் மாத்திரைப் பையிலேயே நூல் கோத்துக் கட்டியிருந்தான். பல் வைத்தியரிடமும் அதைக் காட்டியாகிவிட்டது. தண்ணீர் பிடிக்கும் வேலை அன்றைக்குப் பேரனுடையது.

அதே தம்பிதான் வந்தான். வேறு ஆள் வேண்டும் என்று மகன் சொன்னதற்கு, "அவனுக்குத்தான் என் கை தெரியும்" என்றுவிட்டார் பெரியம்மா. ஒரு கை ஸ்வெட்டரைக் கழற்றி, கட்டிலில் சாய்ந்து, இடது கையை நீட்டினார். வெயிலில் காய்ந்த கையில் சிரை எழும்பி நின்றது. பட்டை கட்டி ஒரு நிமிடத்துக்குள் எடுத்து முடித்தான். பஞ்சை வைத்து அவனே அழுத்திப் பிடித்தான். நான் நாற்காலியில் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன்.

மூன்று நிமிடம் போயிருக்கும். அவன் போன் அடித்தது, அடுத்த வீட்டில் கூப்பிடுகிறார்கள். விரல் லேசாக எழும்பியது. பெரியம்மா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

"தம்பி, இன்னும் ரெண்டு நிமிஷம் கிடக்கு. போனை அந்தப் பிள்ளகிட்ட குடு, அவ பேசுவா" என்று என்னைக் காட்டினார்.